எல்லாம் என்ரைதான்

எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் கண்டால் முதலில் சுகம் விசாரிப்பதில்லை, உடம்பைத்தான் விசாரிப்போம். "என்ன பிள்ளை, வத்திப்போனாய்?" என்பது ஒன்று. "என்ன, நல்லா வைச்சிட்டாய்?" என்பது மற்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு உடம்பு இருக்கலாம் என்று சண்டிலிப்பாயில் எவரும் ஒப்புக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், வளாகம் இருக்கும் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கி நடப்பேன். முதல் வீட்டுப் படலையில் நிற்கிறவர் மெலிந்துபோனேன் என்பார். அடுத்த படலையில் நிற்கிறவர் கொழுத்துவிட்டேன் என்பார். அந்த இரண்டு படலைக்கும் இடையில் நான் எதைத் தின்று தொலைத்தேனோ தெரியாது. சொல்லுகிறவர்கள் கெட்டவர்களும் அல்ல. அடுத்த பேச்சில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்லுவார்கள். ஆனால் முதல் பேச்சு உடம்புக்குத்தான்.

அந்த ஊரில் ஒரேயொரு மனுஷி மட்டும் எவருடைய உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அவரைத்தான் நாங்கள் அன்ரி என்போம். சொந்தம் எதுவும் இல்லை. சந்தியில் ரிபன், பொம்மை, ஊசி நூல் விற்கும் பான்சிக் கடை வைத்திருந்தவர். வல்வெட்டித்துறையில் பிறந்து, எங்கள் ஒழுங்கைக்குக் கலியாணம் முடித்து வந்தவர். பருமனானவர் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும், ஆனால் அன்ரிக்கே அது பிடிக்காது. "பெரிசு எண்டு சொல்லன் பிள்ளை, அதுக்கென்ன கூச்சம்?" என்பார். பெரியவர்தான். அவர் கடைக்குள் எழுந்து நின்றால் பின்னால் தொங்கும் சாமான்கள் பாதி தெரியாது.

அவரைக் கண்டால் மட்டும் ஊர் சும்மா விடுமா? "அக்கா, நீங்கள் இன்னும் கொஞ்சம் வைச்சிட்டியள் போல கிடக்கு" என்று யாராவது தொடங்குவார்கள்.

"ஓம். எல்லாம் என்ரைதான்" என்பார் அன்ரி.

கோபமும் இராது, சிரிப்பும் இராது. தன் வளவில் நிற்கும் மாமரத்தைக் காட்டிச் சொல்லுவதுபோலச் சொல்லுவார். கேட்டவர் ஊசி வேண்டும், நூல் வேண்டும் என்று எதையோ கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அன்ரியின் கணவர் மெல்லிசான மனிதர். புகையிலைத் தோட்டம் செய்தவர், வாய் திறந்து கதைப்பது அருமை. ஸ்கூட்டரை ஓட்டுவது அன்ரி. பின்னால் பிடித்துக்கொண்டு இருப்பது அங்கிள். ஊரே அதைப் பார்த்துச் சிரிக்கும் என்பது இருவருக்கும் தெரியும், இருவரும் கவலைப்பட்டதில்லை. ஒருநாள் சந்தியில் மதிலில் குந்தியிருந்த இளந்தாரிகளில் ஒருவன், "அங்கிள், ரயரிலை காத்துப் போகுது, பாத்துப் போங்கோ" என்றான். அன்ரி ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு காலை நிலத்தில் ஊன்றினார்.

"முன் ரயரோ, பின் ரயரோ தம்பி?"

அவன் முழுசினான்.

"கண்டனி எண்டால் சொல்லன். பம்ப் ஒண்டு எடுத்துக்கொண்டு வா, அடிப்பம்."

அவன் போய் யாருடையதோ சைக்கிள் பம்பை வாங்கிக்கொண்டு வந்து, நல்லபடி இருந்த ரயருக்கு வியர்க்க வியர்க்கக் காற்று அடித்தான். அன்ரி ஸ்கூட்டரை விட்டு இறங்கவே இல்லை. முடிந்ததும் "நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். என்னை ஒருவன் அப்படிச் சொல்லியிருந்தால் ஒரு மாதம் அந்த வழியால் போயிருக்கமாட்டேன்.

இன்னொன்று கலியாண வீட்டில் நடந்தது. அன்ரி இருந்த பிளாஸ்டிக் கதிரை கால் முறிந்து, அவர் தொபுக்கென்று நிலத்தில் விழுந்தார். எல்லோர் வாயிலும் சிரிப்பு வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. என் வாயிலும் நின்றது. அன்ரி எழும்பினார், சேலையைத் தட்டினார், முறிந்த கதிரையைத் தூக்கிப் பார்த்தார். "இது ஆர் கொண்டுவந்த கதிரை? பிள்ளையள் இருந்து விழுந்தால் என்ன கணக்கு? எடுங்கோ இதை" என்று உரத்துச் சொன்னார். கலியாண வீட்டுக்காரர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். வாயில் நின்ற சிரிப்பை எல்லோரும் விழுங்கிவிட்டோம். பிழை கதிரையில்தான் என்று மண்டபம் முழுவதும் நம்பிவிட்டது. உண்மையும் அதுதானே.

எனக்கு அவரைப் பார்த்தால் வாய் பிளக்கும். இந்த மனுஷிக்குத் தோல் வேறு ஏதோ சாமானால் செய்யப்பட்டிருக்கிறது என்றே நம்பினேன். நாங்கள் எல்லோரும் கண்ணாடிக்கு முன்னால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறவர்கள். இவருக்கு நோகிற நரம்பே வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடையிலும் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. அங்கே ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றி எவரும் கதைக்கக் கூடாது, பெற்ற தாயும்கூட. ஒரு தாய் மகளுக்கு ரிபன் வாங்க வந்தார். பிள்ளை ரோஸ் நிறத்தைத் தொட்டது. "உன்ரை கறுப்புக்கு ரோஸ் ஒத்துவருமே? மண்ணிறத்தை எடு" என்றார் தாய். அன்ரி ரோஸ் ரிபனைச் சுருளிலிருந்து இழுத்து வெட்டி, தாயிடம் கொடுக்காமல் பிள்ளையின் கையில் கொடுத்தார். "பிள்ளை கேட்டது ரோஸ்" என்றார். தாய் முகத்தைச் சுளித்தார். ஆனால் அடுத்த மாதமும் அந்தக் கடைக்குத்தான் வந்தார்.

என் தங்கச்சி அந்தக் கடையே கதியென்று கிடந்தவள். எனக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் அதிகம்; நான் வளாகத்துக்குப் போன காலத்தில் அவள் சின்னப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அப்போது தொலைக்காட்சியில் நீலக் கவுண் போட்ட ஒரு கார்ட்டூன் இளவரசி தமிழில் கதைத்துக்கொண்டு வருவாள். அவளுடைய கண் அவளுடைய இடுப்பைவிடப் பெரியது. தங்கச்சியின் புத்தகப் பையில் அவள், தண்ணீர்ப் போத்தலில் அவள், செருப்பில் அவள். கனடாவில் இருக்கும் சின்னம்மா அனுப்பும் பார்சல்களிலும் அவளே பொம்மையாக வருவாள். போதாததற்கு அன்ரியின் கடையிலும் வரிசையாகத் தொங்குவாள்.

தங்கச்சி அந்தப் பொம்மையின் இடுப்பைப் பெருவிரலும் சுட்டுவிரலும் கொண்டு வளைத்துப் பிடிப்பாள். பிறகு இரண்டு கையாலும் தன் இடுப்பை வளைத்துப் பார்ப்பாள். விரல்கள் சந்திக்காது. ஒருநாள் கடையில் வைத்தே கேட்டாள்.

"அன்ரி, இவவுக்கு இடுப்பு ஏன் இப்பிடிக் கிடக்கு?"

"சோறு போட ஒருதரும் இல்லையாக்கும்" என்றார் அன்ரி. பொம்மையை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் நிறுத்திப் பார்த்தார். அது விழுந்தது. அதன் பாதங்கள் எப்போதும் குதிச்செருப்புக்கென்றே வளைந்திருப்பவை. மறுபடி நிறுத்தினார், மறுபடி விழுந்தது. "பாவம், நிக்கேலாது. நீ எண்டால் பள்ளிக்கூடத்திலை ஓடி வெல்லுறாய்." தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். ஒன்பது வயதில் அது பகிடி. பன்னிரண்டு வயதில் அந்தப் பகிடி வேலை செய்யவில்லை என்பதைப் பிறகு சொல்லுகிறேன்.

அந்த நாட்களில் வளாகத்தில் நாங்கள் ஒரு விவாதம் நடத்தினோம். பொம்மைகளும் கார்ட்டூன்களும் பெண்பிள்ளைகள் தங்கள் உடம்பைப் பார்க்கும் பார்வையைக் கெடுக்கின்றனவா என்பது பொருள். கெடுக்கின்றன என்ற அணியில் நான். நன்றாகவே பேசினேன், கைதட்டலும் வாங்கினேன். அந்தச் சூடு ஆறாமல் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்குள் போய், "அன்ரி, நீங்கள் உந்தப் பொம்மையள் விக்கக் கூடாது" என்றேன்.

அன்ரி கதிரையில் இருந்தபடி என் நியாயங்கள் எல்லாவற்றையும் கேட்டார்.

"பொம்மை வாய் துறக்கேல்லை பிள்ளை. அது சும்மா தொங்குது. வத்தினது, வைச்சது, கறுத்தது எண்டு வாய் துறக்கிறது நாங்கள். பொம்மையை விக்காமல் நிப்பாட்டலாம், எங்கடை வாயை ஆர் நிப்பாட்டுறது?"

எனக்கு அதற்கு விடை இருந்தது. நாங்கள் வாயால் சொல்லுவதற்கு அளவு எங்கிருந்து வருகிறது, கண்முன்னால் தொங்குவதிலிருந்துதானே என்றேன். அன்ரி திரும்பி, தன் தலைக்குப் பின்னால் தொங்கிய வரிசையைப் பார்த்தார்.

"ஓம், தொங்கிக்கொண்டேதான் இருக்கு" என்றார்.

விற்பதை அவர் விடவில்லை. தான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார் என்றார். ஆனால் அடுத்த கிழமை போனபோது பொம்மைகள் மேலே ஏறியிருந்தன. பிள்ளைகளின் கண் படும் உயரத்தில் பந்துகளும் துள்ளுக்கயிறுகளும் தொங்கின. அன்றைக்கு நான் வென்றேனா, அவர் வென்றாரா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. இப்போது அந்தக் கடையும் இல்லை. அங்கிள் காலமான பிறகு அன்ரி மகனோடு வவுனியாவுக்குப் போய்விட்டார்.

நான் எழுத வந்தது தங்கச்சி வயதுக்கு வந்து பெரியபிள்ளையான கதையை. அதில்தான் எனக்கு அன்ரி யாரென்று தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை சாமத்தியப்பட்டால் முதல் வேலை சாப்பாடு. விடிய வெறுவயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். பிறகு உழுத்தங்களி. மத்தியானம் கத்தரிக்காயும் நல்லெண்ணெயுமாய் ஒரு கறி. இடுப்பெலும்பு பலக்க வேண்டும், நாளைக்குப் பிள்ளை பெறுகிற உடம்பு என்பார்கள். அம்மாவும் கிண்டிக் கிண்டிக் கொடுத்தார். தங்கச்சி முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். அதற்குள் கனடாவிலிருந்து பார்சல் வந்தது.

சாமத்திய வீட்டை ஆடம்பரமாக வைக்க வேண்டும் என்பது சின்னம்மாவின் ஆசை. சடங்குக்குக் கூறைச் சேலை. கேக் வெட்டுவதற்குக் கவுண். கேக்கும் அந்தக் கார்ட்டூன் இளவரசிதான்: நடுவில் பொம்மையை நட்டு, அதன் பாவாடையாகக் கேக்கைச் செய்வார்கள். பக்கத்தில் அதே நீலக் கவுணில் தங்கச்சி நிற்க வேண்டும். சின்னம்மா தன் மகளுக்கு முந்திய வருடம் தைப்பித்த கவுணின் அளவிலேயே ஒன்று வாங்கி அனுப்பியிருந்தார். அந்தப் பிள்ளை ஈர்க்குப்போல இருப்பாள்.

கவுண் தங்கச்சிக்குப் பூட்டவில்லை. முதுகுச் சிப் பாதியில் நின்றுவிட்டது. அம்மா இழுத்தார், நான் இழுத்தேன். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கவுண் சிறிது என்று தோன்றவில்லை. அதுதான் எனக்கு இப்போதும் ஆச்சரியம். கனடாவிலிருந்து வந்த சாமான் பிழையாக இருக்காது, பிள்ளைதான் பிழை.

"ஒருதருக்கும் சொல்லாதையுங்கோ. இன்னும் நாள் கிடக்குத்தானே, மெலிஞ்சிடும்" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு எங்கள் குசினியில் இரண்டு சட்டங்கள் நடந்தன. காலையில் இடுப்புப் பலக்க முட்டையும் எண்ணெயும் களியும். இரவில் இடுப்புக் குறையச் சோறு இல்லை. அம்மா இரண்டையும் அன்போடுதான் செய்தார். தங்கச்சி இரண்டுக்கும் நடுவில் தன் வழியைக் கண்டுபிடித்தாள். களியை வாழையடியில் புதைத்தாள். முட்டையை விழுங்குவதுபோலக் காட்டிவிட்டுக் கிணற்றடியில் துப்பினாள். பொம்மையை மறுபடி எடுத்துக் கட்டில் தலைமாட்டில் வைத்திருந்தாள். ஒரு பின்னேரம் கிணற்றடியில் அவள் மயங்கி விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அவளைத் தூக்குவது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கண் விழித்ததும் அவள் கேட்டது, "அக்கா, மெலிஞ்சிட்டனே?" என்றுதான்.

நான் பயந்துபோனேன். அம்மாவிடம் சொன்னால் "வெயில்" என்றார். அப்பா தோட்டத்திலிருந்து வந்து ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் அன்ரியிடம் போனேன்.

அன்ரி அன்றே வந்தார். தங்கச்சியின் கட்டில் ஓரத்தில் இருந்தார். உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றி, ஓட்டப் போட்டியைப் பற்றிக் கதைத்தார். கடைசியில், "என்னோடை ஒரு வாய் சாப்பிடுவமே?" என்றார்.

தங்கச்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்கள் சொல்லாதையுங்கோ அன்ரி. எனக்கு உங்களைப்போல வந்திடுவனோ எண்டுதான் பயம்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. அவளை அதட்ட வாயெடுத்தேன். அன்ரி கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"ஓம்" என்றார் மெதுவாக. "பயமாத்தான் இருக்கும்."

பிறகு எழுந்து போனார். வழக்கம்போல நிமிர்ந்துதான் போனார். இவருக்கு எதுவும் தைக்காது என்று அன்றைக்கும் நினைத்தேன்.

தண்ணி வார்க்கும் சடங்குக்கு முந்திய நாள் வீடு நிறையப் பெண்கள். பின் விறாந்தையில் பாய் விரித்து, பெரிய தாச்சி வைத்து, பயத்தம் பணியாரமும் அரியதரமும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் அன்ரி. பின்னேரம் சின்னம்மா தொலைபேசியில் முகம் காட்டினார். ஒரு செம்பில் சாய்த்து அதை எல்லோருக்கும் நடுவில் வைத்தார்கள்.

"கவுணைப் போட்டுக்கொண்டு பிள்ளையை வரச் சொல்லுங்கோ, ஒருக்காப் பாப்பம்" என்றார் சின்னம்மா.

அம்மாவின் முகம் செத்துப்போனது. ஆனால் மறுக்க ஒரு காரணமும் அவர் வாயில் வரவில்லை. "போய்ப் போட்டுவிடு" என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

அறைக்குள் தங்கச்சி கவுணுக்குள் நுழைந்தாள். அவ்வளவு பட்டினி கிடந்தும் சிப் போன முறை நின்ற இடத்துக்கு ஒரு விரல் மேலேதான் ஏறியது. எலும்பு மெலியாது என்பதை அவளுக்கு யார் சொல்லுவது? வெளியே "என்ன இன்னும்?" என்ற குரல்கள். "கேக்கைப்போல வரப்போறாள்" என்று ஒருத்தி. "கேக் மாதிரி உப்பிக்கொண்டோ?" என்று இன்னொருத்தி. சிரிப்பு. தங்கச்சி முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டாள். இவள் இப்படியே வெளியே போனால் பிறகு ஒருநாளும் சாப்பிடமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கதவு திறந்தது. அன்ரி வந்து தாழ்ப்பாளைப் போட்டார். கையெல்லாம் மா. தங்கச்சியை ஒருமுறை பார்த்தார்.

"கழட்டித் தா."

"அன்ரி..."

"கெதியாத் தா பிள்ளை."

கவுண் கைக்கு வந்ததும் அதைத் தன் நீளச் சட்டைக்கு மேலால் தலையில் கவிழ்த்தார். தலை போனது. ஒரு கை போனது. தோளில் இறுகி நின்றது. என்ன செய்கிறார் என்று எனக்கு விளங்குவதற்குள் மூச்சை நன்றாக இழுத்து, மற்றக் கையையும் உள்ளே தள்ளினார். முதுகுத் தையல் பிரிந்தது. பிறகு இடுப்புத் தையல் சர்ரென்று கிழிந்தது. அன்ரி தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வெளியே நடந்தார்.

நான் கதவோரம் நின்று பார்த்தேன். நீல வலைத்துணி தோளிலும் கழுத்திலும் சிக்கி, பாவாடை ஒரு பக்கம் தொங்க, கைகளை மடக்க முடியாமல் விரித்தபடி அன்ரி விறாந்தையில் போய் நின்றார்.

"ஆசையிலை ஒருக்காப் போட்டுப் பாத்தன். கிழிஞ்சு போச்சு" என்றார்.

பிறகு கார்ட்டூனில் அந்த இளவரசி செய்வதுபோல ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

அப்படி ஒரு சிரிப்பை எங்கள் வீடு அதற்கு முன்னும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை. ஒருத்தி பாயில் சாய்ந்துவிட்டாள். ஒருத்தி மா அரித்த அரிதட்டைக் கைவிட்டாள். "ஐயோ அம்மாளாச்சி, ஆனைக்கு ஆர் கவுண் போட்டது" என்று ஒரு குரல். எத்தனையோ வருடங்களாக அன்ரி சிரிக்க விடாமல் வைத்திருந்த ஊர், மொத்தமாக அன்றைக்குச் சிரித்துத் தீர்த்தது. சின்னம்மா முதலில் கத்தினார், பிறகு அவரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "உங்களுக்கு விசரேயக்கா? பிள்ளையின்ரை கவுண்!" என்று அழுதார். "பிழைதான், ஆசைப்பட்டிட்டன்" என்றார் அன்ரி திரும்பத் திரும்ப.

இன்றும் எங்கள் சொந்தத்தில் எந்தச் சாமத்திய வீட்டிலும் அந்தக் கதை வரும். பெரிய மனுஷி சின்னப் பிள்ளையின் கவுணுக்கு ஆசைப்பட்ட கதை. தங்கச்சி கூறைச் சேலையோடு கேக் வெட்டியதற்குக் காரணமாக அதைத்தான் சொல்லுவார்கள். கவுண் அவளுக்குப் பூட்டவில்லை என்பது அம்மாவையும் எங்களையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. இப்போது தங்கச்சியிடம் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அன்ரி அறைக்குத் திரும்பி வந்தார். கவுணைக் கழற்ற முடியவில்லை. நான் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். வெட்டும்போதுதான் முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் ஓடி நாடியில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை மடங்கவில்லை. கதிரை முறிந்தபோதும், ரயருக்குக் காற்று அடிப்பித்தபோதும், "எல்லாம் என்ரைதான்" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் இவருக்கு இப்படித்தான் நொந்திருக்கிறது. நொந்துகொண்டேதான் நிமிர்ந்து நடந்திருக்கிறார். நோகாத மனுஷி என்று நான் வியந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

தங்கச்சி கிட்டே வந்தாள். தையல் இறுக்கிய இடம் அன்ரியின் கையில் சிவப்பாய்த் தடித்திருந்தது. அதைத் தொட்டாள்.

"நோகுதே அன்ரி?"

"நோகுது" என்றார் அன்ரி.

வெளியே மறுபடி சிரிப்பு எழுந்தது. அது அடங்கும் வரை அன்ரி கட்டிலில் இருந்தார். பிறகு முகத்தைக் கழுவித் துடைத்தார். "அரியதரம் கருகப்போகுது" என்று சொல்லிக்கொண்டு, அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே போய் அடுப்படியில் குந்தினார்.

தங்கச்சி வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். கதவுச் சீலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வெளியே போய், எல்லோரும் பார்க்க, அன்ரிக்குப் பக்கத்தில் பாயில் குந்தி, ஓலைப்பெட்டியிலிருந்து ஒரு அரியதரத்தை எடுத்துக் கடித்தாள். அன்றோடு அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அதற்கு வருடங்கள் எடுத்தன. ஆனால் நான் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மென்றாள், விழுங்கினாள்.

"பாத்துச் சாப்பிடு பிள்ளை, நாளைக்குப் படம் எடுக்கிறது" என்றது ஒரு குரல்.

தங்கச்சி திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னொண்டு தாங்கோ அன்ரி" என்றாள்.

அன்ரியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எண்ணெயிலிருந்து ஒன்றைக் கரண்டியால் எடுத்து, ஊதி ஆற்றி, அவள் கையில் வைத்தார்.